செல்லசாமியின் கருமாதிக்கு மூன்று கிடாய்

அத்தியாயம் 9

உயிரோடு இருக்கிற மனிதனின் கருமாதிக்கு எத்தனை கிலோ அரிசி போடுவது என்று புருஷனும் பெண்சாதியும் சண்டை போட்ட வீடு மஸ்கெலியாப் பக்கத்தில் வேறு இருக்குமா தெரியவில்லை. இக்னேசியஸ் வீட்டில் வெள்ளிக்கிழமை ராத்திரி அதுதான் நடந்தது.

போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்கு இரண்டு வார்த்தை. இக்னேசியஸின் பக்கத்துக் காம்பராவில் படுத்திருப்பவர் செல்லசாமி. கல்யாணம் காட்சி இல்லாத ஒண்டிக்கட்டை. தேயிலைத் தொழிற்சாலை பொயிலருக்கு விறகு தள்ளியே முப்பது வருஷம் ஓட்டியவர். தோட்டத்தின் இந்த டிவிசனில் யார் செத்தாலும் குழி வெட்ட முதல் மண்வெட்டியைத் தூக்குகிறவரும் அவர்தான். இப்போது வாயில் புற்று. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீடு என்பது லயம் என்கிற தோட்ட வரிசை வீடுகளில் கடைசி ஒற்றை அறைக் காம்பராவில் ஒரு கட்டிலும் ஒரு தகரப் பெட்டியும். பார்த்துக்கொள்வது என்பது இக்னேசியஸின் மனைவி மார்கிரட்.

அப்படிப்பட்ட செல்லசாமி, நாக்கு இன்னும் புரண்டுகொண்டிருந்த கடைசி நாளில், இக்னேசியஸைக் கூப்பிட்டுக் கையை நீட்டினார். "அத்தன கேத வீட்டுலயும் தின்னிருக்கேன்டா. என் பேருல ஒரு வேள சோறு யாரும் தின்னதில்ல. பதினாறு அன்னைக்கு நம்ம டிவிசன் நூத்திப் பன்னெண்டு வீட்டுக்கும் கறிச்சோறு போட்டுரு. ஆட்டுக்கறி." இக்னேசியஸ் யோசிக்கவே இல்லை. நீட்டிய கையில் ஓங்கி அடித்துச் சத்தியம் செய்துவிட்டார்.

சத்தியம் செய்ய எவ்வளவு நேரம் ஆகும்? அதற்குக் காசு எங்கே என்று பார்க்கத்தான் நேரம் ஆகும். செல்லசாமியின் ஈ.பி.எப். காசு மருந்துக்கும் வேன் கூலிக்குமே கரைந்திருந்தது. இக்னேசியஸின் காசு மகனைக் கொழும்புக்கு அனுப்பியதில் போய் நாலு வருஷம். மிச்சம் இருந்தது மார்கிரட்டுடையது ஒன்றுதான். முப்பத்து மூன்று வருஷம் கொழுந்து கிள்ளி, முதுகில் கூடைக் கயிற்றின் தழும்போடு அவள் வாங்கிய இரண்டு லட்சத்து அறுபதாயிரம்.

அந்தக் காசுக்கு ஏற்கெனவே வேலை இருந்தது. போன கார்த்திகை மழையில் பின்பக்கத்து மண்மேடு சரிந்து, வீட்டின் பின்சுவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டது. மகள் ஏஞ்சலா படுக்கிற இடம் அது. அன்றைக்கு அவள் வேலைக்காக ஹட்டனில் இருந்ததால் பிழைத்தாள். அன்றிலிருந்து அங்கே சுவர் கிடையாது, மறைப்புக்கு நீலப் பிளாஸ்டிக் தறப்பாள்தான். வைகாசி மழை பிடிப்பதற்குள் சுவர் எழும்ப வேண்டும். புளொக் கல்லுக்கும் சீமெந்துக்கும் ஹார்ட்வெயார் கடையில் ஒரு லட்சம் முன்பணமும் கட்டியாயிற்று.

வெள்ளிக்கிழமை ராத்திரி இக்னேசியஸ் அடுப்படியில் குந்திக்கொண்டு சாப்பாட்டுக் கணக்கைச் சொல்லச் சொல்ல, மார்கிரட் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். கோழியென்றால் ஒன்றரை லட்சம், ஆடென்றால் அதற்கும் மேலே என்றதும் வாய்விட்டுவிட்டாள்.

"செத்துப்போறவர் பேரச் சொல்லி இருக்குறவங்க மண்ணுக்குள்ள போகணுமாங்க?"

இக்னேசியஸ் எழுந்து பாய்க்குப் போனார். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

சனிக்கிழமை விடிந்தது. ஏழு மணி பஸ்ஸுக்கே அவர் மஸ்கெலியாவுக்குப் போய்விட்டார். சும்மா விலை கேட்டுவிட்டு வருகிறேன் என்றுதான் சொல்லிப் போனார்.

எட்டு மணி வாக்கில் அடுத்த லயத்து மீனம்மா கொழுந்துக் கூடையோடு வந்து வாசலில் நின்றாள். மலைக்குப் போகிறவள் இந்தப் பக்கம் வர வேண்டிய அவசியமே இல்லை. சுற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

"அக்கா, ஆடு திங்காதவங்களுக்கு என்னக்கா செய்யப் போறீங்க? எங்க மாமியார் கறி தொடாது. ஒரு பருப்பு, ஒரு கெழங்கு வச்சீங்கன்னா போதும்."

மார்கிரட்டுக்கு ஒன்றும் புரியவில்லை. விசாரித்ததில் விஷயம் வந்தது. முந்தின நாள் சாயந்தரம் இக்னேசியஸ், தோட்டத் தலைவர் ஆண்டியப்பனிடம் கோயில் அண்டா இரண்டு இரவல் கிடைக்குமா என்று மட்டும் கேட்டிருக்கிறார். எதற்கு என்று ஆண்டியப்பன் கேட்க, இவர் உள்ளதைச் சொல்லியிருக்கிறார். ஆண்டியப்பன் நல்ல மனுஷன்தான். ஆனால் அவர் வயிற்றில் ஒரு சேதி ஒரு ராத்திரிக்கு மேல் தங்காது. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கூப்பிட்டு முடிந்ததும், எல்லோரையும் நிற்கச் சொல்லி, நம்ம செல்லசாமி பேரில் டிவிசன் முழுக்க ஆட்டுக்கறிச் சாப்பாடு, இக்னேசியஸ் பொறுப்பு எடுத்திருக்கிறார் என்று அறிவித்துவிட்டார். கை தட்டினார்களாம்.

பெரட்டில் சொன்ன சொல்லைத் தோட்டத்தில் யாரும் திருப்பி வாங்கியதில்லை. சம்பளம் கூடும் என்று சொன்ன சொல்லைத் தவிர.

மீனம்மா போன பிறகு மார்கிரட் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும். நடுச்சுவரில் டொக் என்று ஒரு சத்தம் கேட்டது. செல்லசாமி கரண்டியால் தட்டுகிறார். பேச்சு நின்ற நாளிலிருந்து அதுதான் அவர் பேச்சு. ஒரு தட்டு என்றால் தண்ணீர். இரண்டு தட்டு என்றால் சரி, போதும். மார்கிரட் எழுந்து தண்ணீர் கொண்டுபோனாள்.

கொடுக்கும்போதே ஒரு முடிவும் எடுத்தாள். மத்தியானம் கஞ்சி ஊட்டும்போது இவரிடமே கேட்டுவிடுவது. சத்தியம் வாங்கியவர் விட்டுக்கொடுத்தால் சத்தியம் இல்லை.

மஸ்கெலியாவில் இக்னேசியஸ் ஆட்டுக்காரர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். விலை கேட்க வந்த மனுஷன்தான். ஆனால் பஸ் ஏறிய இடத்தில் இரண்டு பேர், இறங்கிய இடத்தில் மூன்று பேர், கையைப் பிடித்துக்கொண்டு நீங்க நல்லா இருக்கணும் என்று சொல்லிவிட்டார்கள். சேதி பஸ்ஸுக்கு முன்னால் டவுனுக்கு வந்திருந்தது.

"மூணு கிடாய் போதுமா? எந்தத் தேதிக்குங்க?" என்றார் ஆட்டுக்காரர்.

"தேதி இன்னும் தெரியாதுங்க."

"கல்யாணமா?"

"இல்லீங்க, கருமாதி."

"அடடா. யாருங்க தவறினது?"

"இன்னும் தவறலீங்க."

ஆட்டுக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். இத்தனை வருஷ வியாபாரத்தில் இப்படி ஒரு ஓடர் அவருக்கு வந்ததில்லை. இக்னேசியஸ் முழுக் கதையையும் சொல்லி முடித்ததும், அவர் தாடியைத் தடவிக்கொண்டு நியாயமாகத்தான் பேசினார். வருஷப் பிறப்புக்கும் ஈஸ்டருக்கும் விலை ஏறிவிடும், இன்றைக்குப் பிடித்தால் ஒரு கிடாய் முப்பதாயிரம். காசு கட்டிவிட்டால் ஆடு இங்கேயே நிற்கலாம். ஆனால் தீனிக்கு ஒரு ஆட்டுக்கு ஒரு நாளைக்கு நூறு ரூபாய் தர வேண்டும், அந்த நாள் வருகிற வரைக்கும்.

யோசித்துச் சொல்கிறேன் என்று இக்னேசியஸ் பஸ் நிலையத்து பெஞ்சில் போய் உட்கார்ந்தார். ஒரு நாளைக்கு முந்நூறு. செத்த பிறகும் பதினாறு நாள் இருக்கிறது, அது நாலாயிரத்து எண்ணூறு. அதற்கு முன்னால் செல்லசாமி ஒரு வாரம் இருந்தால் இரண்டாயிரத்து நூறு. ஒரு மாதம் இருந்தால் ஒன்பதாயிரம். மருந்து மாத்திரையில் கொஞ்சம் தேறி ஆவணி வரைக்கும் இழுத்துக்கொண்டால்...

அந்த இடத்தில் இக்னேசியஸுக்கு உடம்பு கூசியது. கூடப் பிறக்காத பிறப்பு அவன். மார்கிரட்டுக்கு ஏஞ்சலா பிறந்தபோது, ஆஸ்பத்திரிக்குப் போக, கொட்டும் மழையில் லொறி நிறுத்த ரோட்டில் குறுக்கே படுத்தவன். அவன் எத்தனை நாள் இருப்பான் என்று ஒரு ஆட்டுத் தீனிக்காக விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறோமே என்று அழுகை வந்தது. பக்கத்தில் இருந்த பெண்பிள்ளை பார்த்துவிடுவாள் என்று கைலேஞ்சியால் மூக்கைச் சிந்தினார்.

பிறகு எழுந்து நேரே ஹார்ட்வெயார் கடைக்குப் போனார். கட்டிய முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்று முதலாளியிடம் சிங்களத்தில் கேட்டார். காரணம் கேட்டதற்கு, சிநேகிதனுக்கு என்று மட்டும் சொன்னார். முதலாளி ஐயாயிரத்தைக் கழித்துக்கொண்டு மீதியை எண்ணிக் கொடுத்தார். மழைக்கு முன்னால் கல் வேண்டுமென்றால் திரும்ப வரிசையில்தான் வர வேண்டும் என்றும் சொன்னார். சரி என்று தலையாட்டினார் இக்னேசியஸ். மார்கிரட்டின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. அதைப் பார்க்காதது மாதிரி ரோட்டைக் கடந்தார்.

மத்தியானம் மார்கிரட் ரவைக் கஞ்சியோடு செல்லசாமியின் காம்பராவுக்குள் போனாள். சொல்ல வேண்டியதை வழியில் இரண்டு தரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். அண்ணே, தப்பா நெனைக்காதீங்க என்று ஆரம்பிப்பதாகத் திட்டம்.

ஆரம்பிக்க விடவில்லை அவர். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டதும், தலையணைக்கு அடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். போன மாதத்துக் கலண்டர் தாள். அதன் பின்பக்கத்தில் பென்சிலால், ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன கை எழுதியிருந்தது.

'மொதல்ல சொவத்தக் கட்டுங்க. என் பதினாறுக்கு பிளேன்டீ போதும்.'

மார்கிரட் அதை இரண்டு தரம் படித்தாள். சுவர் விழுந்தது அவருக்குத் தெரியும். ஆனால் சுவரா, சோறா என்ற பேச்சை அவர் காதில் யாரும் போடவில்லையே? அது அடுப்படியில், புருஷனும் பெண்சாதியும் பேசியது.

அண்ணாந்து பார்த்தாள். லயத்து நடுச்சுவர் கூரை வரைக்கும் போவதில்லை. ஆள் உயரத்துக்கு மேல் வெறும் இடைவெளி. அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். அது முப்பத்தொரு வருஷமாகத் தெரிந்த சங்கதி. அதனால்தான் ரகசியமென்றால் எப்போதும் குசுகுசுவென்று பேசுவார்கள். இந்த மனுஷனுக்கு வாய் நின்றதும் காதும் நின்றுவிட்டதாக நினைத்துச் சத்தமாகப் பேசிவிட்டார்கள்.

அப்படியென்றால், செத்துப்போறவர் என்று அவள் சொன்ன அந்த வார்த்தையும் கேட்டிருக்கிறார்.

"அண்ணே, நான் அத மனசறிஞ்சு சொல்லலண்ணே," என்றாள்.

செல்லசாமி கையை லேசாக ஆட்டினார். விடு என்கிற மாதிரி. பிறகு வாயைத் திறந்தார், கஞ்சிக்காக.

அவள் ஊட்டினாள். மூன்று கரண்டி போனது, நாலாவது வெளியே வந்தது. துடைத்துவிட்டாள். வெட்கமாக இருந்தது. அதைவிட வெட்கம், நெஞ்சின் ஒரு மூலையில் நிம்மதியாகவும் இருந்தது. கேட்காமலேயே கிடைத்துவிட்டது. ஆனால் கேட்டு வாங்கியிருந்தால்கூட இவ்வளவு கேவலமாக இருந்திருக்காது என்று தோன்றியது.

மூன்று மணி பஸ்ஸில் ஏஞ்சலா வந்தாள். ஹட்டனில் ஒரு பாமசியில் வேலை, வாரத்தில் அங்கேதான் தங்கல், சனிக்கிழமை அரை நாள். பையை வைத்ததும் முதலில் செல்லசாமிப் பெரியப்பாவைத்தான் பார்த்துவிட்டு வந்தாள். வந்தவள் அம்மாவின் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்க, மார்கிரட் காகிதத்தை நீட்டினாள்.

ஏஞ்சலா படித்தாள். அவள் கெட்டவள் இல்லை, கணக்குத் தெரிந்தவள். மாதக் கடைசியில் மருந்து வாங்க வந்து பாதி மாத்திரையோடு திரும்புகிறவர்களைத் தினமும் பார்க்கிறவள்.

"அப்போ முடிஞ்சிச்சேம்மா. பெரியப்பாவே வேணாங்குறாரு."

"அவரா சொல்லல. நான் பேசுனதக் கேட்டுச் சொல்லியிருக்காரு."

"எதக் கேட்டா என்னம்மா? எழுதித் தந்திருக்காருல்ல. அப்பா வந்ததும் குடுங்க. நீங்க குடுக்கலன்னா நான் குடுக்குறேன்."

குடிக்கத் தேத்தண்ணி போடுகிறேன் என்று மார்கிரட் எழுந்துபோனாள். ஏஞ்சலா காகிதத்தை நாலாக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். பிறகு உள்ளே போய், கட்டில் இருந்த இடத்தில் தறப்பாள் காற்றில் உப்பி உப்பி அடங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த நாலு மாதமாக, வீட்டுக்கு வருகிற ராத்திரிகளில் அவள் அடுப்படியில்தான் பாய் போட்டுப் படுக்கிறாள்.

ஐந்தரைக்கு லயத்துப் பிள்ளைகள் போட்ட சத்தத்தில் இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். சந்தைக்குக் கோவா, காய்கறி ஏற்றுகிற சின்ன லொறி ஒன்று நின்றது. அதிலிருந்து இக்னேசியஸ் இறங்கினார். அவருக்குப் பின்னால் கயிற்றோடு ஒன்று, இரண்டு, மூன்று கிடாய்கள் இறங்கின. கறுப்பு ஒன்று, செவலை இரண்டு.

இக்னேசியஸ் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஆடுகளை வீட்டைச் சுற்றி இழுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். தறப்பாளை ஒரு பக்கம் தூக்கிக் கட்டி, விழுந்த சுவரின் அடிக்கல்லில் மூன்றையும் கட்டினார். கறுப்புக் கிடாய் ஏஞ்சலாவின் இடத்தில் வசதியாகக் காலை மடித்துப் படுத்துக்கொண்டது.

"எந்தக் காசுங்க?" என்றாள் மார்கிரட். அவளுக்குப் பதில் தெரியும்.

"சொவத்துக் காசு."

ஏஞ்சலா, "அப்பா!" என்று ஒரு எட்டு முன்னால் வந்தாள். மார்கிரட் அவள் கையைப் பிடித்தாள்.

"பெரட்டுல சொல்லிட்டாங்க மார்கிரட்டு," என்றார் இக்னேசியஸ், தரையைப் பார்த்துக்கொண்டு. "ஆனா அதுக்காகக் கொண்டாரல. ஒன்கிட்ட அப்புறம் பேச்சு வாங்கிக்கிறேன். மொதல்ல அவன்கிட்ட சொல்லிட்டு வந்துடுறேன்."

காலைக் கழுவிக்கொண்டு பக்கத்துக் காம்பராவுக்குப் போய்விட்டார்.

அடுப்படியில் அம்மாவும் மகளும் நின்றார்கள். ஏஞ்சலா கைப்பையைக் காட்டினாள். இப்போதே போய்க் கொடுக்கிறேன் என்று வாயசைத்தாள். மார்கிரட் விரலை உதட்டில் வைத்தாள். சுவருக்கு மேலே இருந்த இடைவெளி வழியாக இக்னேசியஸின் குரல் வந்துகொண்டிருந்தது.

"டேய், மூணு கிடாய் வந்திருக்குடா. என்னது, கைய ஆட்டுற? வேணாங்குறியா? போடா. சத்தியம் சத்தியந்தான்."

கட்டில் முனகியது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

"ஆட்டுக்காரரு அங்கயே நிக்கட்டும்னாரு. நாளைக்கு முந்நூறு ரூவா தீனிக் காசு. பஸ் ஸ்டாண்டுல ஒக்காந்து, நீ இன்னும் எத்தன நாள் இருப்பேன்னு கணக்குப் போட்டேன்டா செல்லசாமி. யாவாரி மாதிரி ஒக்காந்து கணக்குப் போட்டேன். அப்பறம் என் மேலயே எனக்குக் காறித் துப்பணும் போல இருந்திச்சு. அதான் கையோட கூட்டியாந்துட்டேன். புல்லு நான் அறுத்துப் போடுறேன். நீ எத்தன நாள் வேணுன்னாலும் இரு. நீ போறதுக்காக இங்க ஒண்ணும் காத்து நிக்கல."

அடுப்படியில் மார்கிரட் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். புருஷன் மேல் கோபம் இருந்தது. நாளைக்கும் இருக்கும். முப்பத்து மூன்று வருஷத்துக் காசு, அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வைகாசிக்கு இந்த வீடு என்னவாகும் என்ற பயமும் போகவில்லை. ஆனால் அடுத்த காம்பராவில் ஒருவர் வெள்ளிக்கிழமை ராத்திரி கேட்ட வார்த்தையோடு சாகப் போகிறார். அதைத் திருப்பி எடுக்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்று, அந்தப் பக்கம் நன்றாகக் கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொன்னாள்.

"ஏங்க, கடைத் தூளு ஒண்ணும் வாங்க வேணாம். கறிக்கு மசாலா நான்தான் அரைப்பேன்னு அண்ணன்கிட்ட சொல்லுங்க. நாங்க கறி தொடாத தவசு காலமா இருந்தாலும் சரி, நான்தான் ஆக்குவேன்."

அந்தப் பக்கம் சுவரில் கரண்டி விழுந்தது. டொக். டொக்.

ஏஞ்சலா அம்மாவின் காதருகில் குனிந்தாள். "அப்போ சொவரு?"

ஆடு போனதும் கட்டலாம் என்று சொல்ல மார்கிரட் வாயைத் திறந்துவிட்டாள். ஆடு எப்போது போகும் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு நடுச்சுவரைப் பார்த்தாள்.

"காலையில புல்லு அறுக்கணும்," என்றாள். "அருவா எங்க கெடக்குன்னு பாரு."

ஏஞ்சலா அரிவாளைத் தேடிப் போனாள். போகிற வழியில் ஆணியில் மாட்டியிருந்த கைப்பையைத் தொட்டுப் பார்த்தாள். அம்மா விட்டுவிட்டாள், சரி. அந்தக் காகிதத்தை அப்பாவின் கையில் கொடுக்காமல் அவள் ஹட்டன் பஸ் ஏறப் போவதில்லை. தறப்பாளுக்குப் பின்னால் கறுப்புக் கிடாய் கத்தியது. கூரைத் தகரத்தில், வைகாசிக்கு முந்தியே, மழை ஒரு துளி இரண்டு துளியாக விழ ஆரம்பித்தது.